ஓரடிக்கு நாற்பதடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊர் ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "டீச்சர், எங்க வீட்டுல 120 அடிக்கு போர் போட்டோம், உப்புக் கரிக்குது. பக்கத்து வீட்டுப் பாட்டி கிணறு 15 அடிதான், தண்ணி அவ்வளவு நல்லா இருக்கு. ஆழமாப் போனா நல்ல தண்ணிதானே வரணும்?" கடல் பக்கத்தில் இருப்பதால்தான் என்று சொல்லிவைத்தேன். எனக்கே அது பதிலாகப் படவில்லை. பாட்டி கிணறும் கடலுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

பருவநிலை மாற்றம், தண்ணீர்ப் பஞ்சம், கடல்மட்ட உயர்வு என்று பாடப்புத்தகத்தில் வரிசையாக வருகிறது. இவற்றுக்கு முன்னால் பள்ளியில் நடத்தும் இயற்பியலும் புவியியலும் உண்மையிலேயே எதற்காவது உதவுமா? அந்தப் பெண்ணுக்குப் புவியியல் பிடித்திருக்கிறது, வீட்டில் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கச் சொல்கிறார்கள். அவளுக்கு என்ன சொல்வது?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் மாணவியின் கேள்வியை முழுக்க அவிழ்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்ட மற்ற இரண்டுக்கும் விடை அதிலேயே கிடைத்துவிடும். எனவே போரிலிருந்தே தொடங்குகிறேன்.

கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். மணலில் இறங்கிய மழைநீர் தன் எடையால் அடியிலிருக்கும் கடல்நீரைக் கீழே அழுத்திவைக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு? எடை வித்தியாசம் 25. ஆயிரத்தை 25ஆல் வகுத்தால் 40. அதாவது நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். நெதர்லாந்துப் பொறியாளர் படோன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்ஸ்பெர்க் 1901இல் வடகடல் தீவுக் கிணறுகளை வைத்தும் தனித்தனியாகக் கண்டடைந்த கணக்கு இது.

பாட்டியின் கிணறு இந்த மிதக்கும் நீரின் மேற்பரப்பிலிருந்து அள்ளிக்கொள்கிறது. 120 அடி போர் அதைத் துளைத்துக்கொண்டு அடியிலிருக்கும் உப்புக்குப் போய்விட்டது. கணக்கின் இன்னொரு முகம்தான் அச்சமூட்டுவது. இறைத்து இறைத்து நீர்மட்டம் நிரந்தரமாக ஓரடி இறங்கினால், மேலே போவது ஓரடி, கீழிருந்து ஏறி வரும் உப்பு 40 அடி. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு லிட்டர் கடல்நீர் கலந்தாலே குளோரைடு லிட்டருக்கு 380 மில்லிகிராமைத் தொடும். குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு 250தான்.

இதை வகுப்பில் கண்ணால் காட்டலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபில், உள்விட்டம் 10 மில்லிமீட்டர் இருப்பதாக ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். பலகையில் 'யு' வடிவில், இரு கைகளும் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 36 கிராம் உப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, நீல மையைக் கலந்து, இரு கைகளிலும் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். வளைவில் காற்றுக்குமிழி நின்றால் டியூபைச் சுண்டி வெளியேற்றிவிடுங்கள், இல்லையென்றால் எல்லா அளவும் பொய்யாகும். பிறகு இடக்கையில் மட்டும் நல்ல தண்ணீரை, சிரிஞ்சால், டியூபின் சுவரை ஒட்டி, சொட்டுச் சொட்டாக 41 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை விடுங்கள். சுமார் 32 மில்லிலிட்டர் போகும். இப்போது நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டிலிருந்து அளந்தால் வலக்கையில் உப்புநீர் 40, இடக்கையில் நல்ல தண்ணீர் 41. மேலே தெரியும் வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர். அந்த ஒன்றுதான் கீழே நாற்பதைத் தாங்கி நிற்கிறது.

பெரும்பாலும் இரண்டு இடத்தில் சொதப்பும். வேகமாக ஊற்றினால் இரண்டும் கலந்து கோடே தெரியாது. சிறிய டியூபில் 10 சென்டிமீட்டர் மட்டும் விட்டால் வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்தான், கண்ணின் பிழையில் அது காணாமல் போகும்.

இதுவரை இயற்பியல். இதோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பெண்ணின் ஊருக்கு நாம் தவறான யோசனை சொல்லிவிடுவோம். ஏனென்றால் நாற்பது என்ற எண் ஒரே சீரான மணலுக்கு, அசையாமல் நிற்கும் நீருக்கு உரியது. நிலம் அப்படி இல்லை. வேதாரண்யம் பக்கம் கடலுக்கு இணையாக மணல்மேடுகள் வரிவரியாகப் போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. மேட்டு மணல் மழையை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரு மேடுகளுக்கு இடையிலிருக்கும் தாழ்வில் களிமண், உப்புப் படிவு. டெல்டாவின் ஆழத்தில் களிமண் அடுக்குகளுக்கு நடுவே, கடல் உள்ளே வந்திருந்த பழைய காலத்து உப்புநீர் சிறைப்பட்டிருக்கவும் கூடும். அப்படியானால் அந்த 120 அடி போரில் கரிப்பது இன்றைய கடலாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டு வீடுகளும் கடலிலிருந்து ஒரே தூரம்தான், ஆனால் ஒன்று மேட்டில், ஒன்று தாழ்வில் என்றால் கதையே வேறு. இதைச் சொல்வது புவியியல். என்ன நடக்கும் என்று இயற்பியல் சொல்லும். எங்கே நடக்கும், எங்கே நடக்காது என்று சொல்ல நிலத்தைப் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு இந்த இரண்டையும் நாம் பிரித்துவிடுவது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இதற்குக் கொடுத்த விலை கண்முன் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பான கிணறுகளை, உதவ வந்தவர்கள் நல்ல மனதோடு பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அது மெலிந்த மணல் கரை. கடல் ஒருபக்கம், களப்பு, அதாவது காயல், மறுபக்கம், நடுவில் மிதக்கும் நல்ல தண்ணீர். இறைக்க இறைக்க மேலே தேங்கிய உப்பு உள்ளே இழுபட்டது, கீழிருந்த உப்பு மேலே வந்தது. பல கிணறுகள் தேறவில்லை, சில இன்னும் கெட்டன. மெதுவாகக் கழுவித் தந்தது அடுத்தடுத்து வந்த மழைதான்.

யாழ்ப்பாணத்தில் மணலுக்குப் பதில் சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். கல்லுக்குள் இருக்கும் குகைவழிகளில் உப்பு வேகமாக ஓடிவிடும் என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில், ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்து வைத்த வண்டலிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் இறைத்ததில், 1960களிலேயே கடல் நிலத்தடியில் உள்ளே வரத் தொடங்கி, பிறகு பல கிலோமீட்டர் ஏறியது. உப்பு ஏறுவதற்கு ஆண்டுகள் ஆகும், இறங்குவதற்கு அதைவிட அதிகம் ஆகும். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் நிலத்தடி நன்னீர் கெட்டு, ஊரே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை நம்பி வாழ்கிறது. 2014 டிசம்பரில் அங்கே தீப்பிடித்தபோது இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று.

கடல்மட்ட உயர்வுக்கும் இதே கணக்குதான். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரையிலான வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். கடல் உயரும்போது நிலத்தடி நீரும் கூடவே உயர இடமிருந்தால் பாதிப்பு குறைவு. வடிகாலும் வாய்க்காலும் நீர்மட்டத்தைக் கட்டிப்போட்டிருக்கும் தாழ்ந்த டெல்டாவில் அது உயர முடியாது. அங்கே 20 சென்டிமீட்டர் போனால், கணக்குப்படி அடியில் 8 மீட்டர் நன்னீர் போகும். ஆனாலும் நம் கரைகளில் இன்றைக்கு அவசரமான எதிரி மோட்டார்தான், அதைக் கட்டுப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

உங்கள் மாணவர்களை வைத்தே ஊரை அளக்கலாம். அளப்பதில் ஒரு கண்ணி உண்டு. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்பதில் 10 சென்டிமீட்டர் தவறினால் விடையில் 4 மீட்டர் தவறும். செல்போன் காட்டும் உயரம் பல மீட்டர் பிசகும் என்பதால் அது எதற்கும் உதவாது. அதே கண்ணாடி டியூபைத்தான் எடுக்க வேண்டும், இந்த முறை 20 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்துக்கு. கழிமுகத்தில் அலையடிக்காத இடத்தில் அளவுகோல் கழி ஒன்றை நட்டு, பன்னிரண்டரை மணி நேரம், அரை மணிக்கொருமுறை நீர்மட்டத்தைக் குறித்துச் சராசரி எடுங்கள். ஏற்றமும் இறக்கமும் அதில் சமனாகிவிடும். அந்தக் கோட்டிலிருந்து இருபது இருபது மீட்டராக மட்டத்தைக் கிணறு வரை கொண்டுபோங்கள். ஒவ்வொரு தாவலிலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பிழை வரலாம். அரை கிலோமீட்டருக்கு 25 தாவல் என்றால், ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொண்டு, மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் நிற்கும். நிலத்தில் நிழல் பாதி வெயில் பாதி விழும் நேரத்தில் டியூபைப் போடாதீர்கள். வெயில் பட்ட பக்கத்துத் தண்ணீர் லேசாகி மட்டம் ஏமாற்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையில் கடலே பங்குனியைவிட உயர்ந்து நிற்கும் என்பதால், தை மாதம் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை அளப்பது நல்லது. பத்துக் கிணறுகளின் நீர்மட்டமும், தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணும், கிணறு மேட்டிலா தாழ்விலா என்ற குறிப்பும் இருந்தால் போதும். பஞ்சாயத்தில் வைத்துப் பேசக்கூடிய வரைபடம் கிடைத்துவிடும்.

குரூப் விஷயம். பெரும்பாலான பள்ளிகளில் இயற்பியலும் புவியியலும் ஒரே குரூப்பில் கிடைப்பதில்லை. அவள் இயற்பியலும் கணிதமும் எடுக்கட்டும் என்பது என் கருத்து. புவித்தகவலியல் போன்ற பொறியியல் படிப்புகளுக்கு அவை தேவை, புவியியல் பட்டப்படிப்பிலும் அறிவியல் குரூப் மாணவர்களைப் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. கணக்கைத் தனியாகக் கற்பது கடினம். புவியியலை மேல்நிலைப் பாடநூலோடும், சுற்றி நடக்கும் கால்களோடும் தொடர முடியும். அவளுக்கு அதில் இருக்கும் ஆசையை மட்டும் யாரும் அணைத்துவிடக் கூடாது. வீட்டாரிடம் நீங்களே ஒருமுறை பேசுங்கள்.

கடைசியாக அந்த போர். அதை அப்படியே திறந்து விடாதீர்கள், களிமண் அடுக்கைத் துளைத்திருந்தால் கீழ் உப்பு மேலே வர அது குழாயாகிவிடும். அடிவரை ஒரு குழாயை இறக்கி, சிமென்ட் கரைசலைக் கீழிருந்து மேலாக நிரப்பச் சொல்லுங்கள். மேலேயிருந்து கொட்டினால் பாதியில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். பிறகு வீட்டின் மேடான பக்கத்தில் மூன்றடி விட்டத்தில் உறைக்கிணறு, சித்திரை நீர்மட்டத்துக்குக் கீழே மூன்று நான்கு அடி மட்டும். கிணற்றின் அடிக்கும் உப்பு எல்லைக்கும் இடையே 30 அடி இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 10 அடிதான் உப்பை ஏறவிடலாம். அப்படியானால் இறைக்கும்போது நீர்மட்டம் தொடர்ந்து மூன்று அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து நிற்கக் கூடாது. அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மட்டம் பழைய கோட்டுக்கு ஏறிய பிறகு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். கோட்டை உறையின் உள்பக்கம் பெயிண்டால் அந்தப் பெண்ணே போட்டு வைக்கட்டும்.

அன்புடன்.