ப்ளூஸும் கன்ட்ரியும் கலந்த ஒரு கிடார் ஆல்பம்: ரை கூடரின் 'சிக்கன் ஸ்கின் மியூசிக்'

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ், அந்நாட்டுக் கிராமப்புற இசையான கன்ட்ரி இரண்டும் கலந்து, அதே சமயம் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி ஒலிக்காத கிடார் ஆல்பம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ரை கூடரின் 'சிக்கன் ஸ்கின் மியூசிக்' (1976). பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஹவாய்ப் பேச்சில் சிக்கன் ஸ்கின் என்றால் நம்முடைய புல்லரிப்புதான்.

கூடர் லாஸ் ஏஞ்சலஸ்காரர், விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிடாரில் கில்லாடி. ஆனால் இதில் அந்த வித்தையை அடக்கி வைத்துக்கொண்டு டெக்சஸ் அக்கார்டியன் (துருத்திபோல இழுத்து அமுக்கி வாசிக்கும் பெட்டி) கலைஞர் ஃப்ளாக்கோ ஹிமெனெஸுக்கும் ஹவாய் கிடார் கலைஞர் காபி பஹினுயிக்கும் தாராளமாக இடம் விடுகிறார். முதல் தடவை கேட்டபோது, ராக் ஆல்பத்தில் அக்கார்டியன் எதற்கு என்று நான் பாதியில் நிறுத்திவிட்டேன், அது வேறு கதை.

'ஹீல் ஹேவ் டு கோ'விலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பவனைப் போகச் சொல் என்று காதலியிடம் போனில் கெஞ்சும் அந்தக் கன்ட்ரி பாட்டை ஜிம் ரீவ்ஸ் காதோடு பேசுவதுபோலப் பாடியிருப்பார். கூடர் அதை மெக்சிகோ எல்லைப் பக்கத்து பொலேரோவாக, அதாவது மெதுவான காதல் நடனப் பாட்டாக மாற்றிவிட்டார், அக்கார்டியனும் சாக்ஸபோனும் இழையும்போது போனில் கெஞ்சும் அந்த ஆள் அழுதுகொண்டே ஆடுவதுபோல இருக்கிறது.

இதெல்லாம் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாததற்குக் காரணம் உண்டு. டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக்குகளும் கொண்டுவந்த அக்கார்டியனைத்தான், போல்கா, வால்ட்ஸ் போன்ற ஐரோப்பிய நடன இசை எல்லாவற்றோடும் சேர்த்து, அங்கிருந்த மெக்சிகோக்காரர்கள் தமதாக்கிக்கொண்டார்கள்; அதனால் ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லியின் 'குட்நைட் ஐரீன்' என்ற வால்ட்ஸுக்குள் அக்கார்டியன் சாதாரணமாக நுழைந்துவிடுகிறது. கன்ட்ரி இசையின் அடையாளமாகிவிட்ட ஸ்டீல் கிடாரோ (படுக்கை வாட்டில் வைத்து, கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிப்பது) ஹவாயில் பிறந்தது. கன்ட்ரி பாடகர் ஹாங்க் ஸ்னோ பாடிய 'யெல்லோ ரோசஸ்' பாட்டில் பஹினுய் அதை வாசிக்கும்போது, அந்தக் கருவி பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

குறை என்றால் கூடரின் குரல். சுமார்தான். 'ஸ்மாக் டாப் இன் த மிடில்' பாட்டை நான் தாண்டிவிடுவேன்.

சரி, பிடித்திருந்தால் அப்புறம் 1993இல் இந்துஸ்தானி இசைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டுடன் கூடர் வெளியிட்ட 'எ மீட்டிங் பை த ரிவர்' கேளுங்கள். பட் கிடாரை மாற்றியமைத்து உருவாக்கிய மோகன வீணையும் அந்த ஹவாய் கிடார் வழியில் வந்ததுதான்.