மூழ்காளரின் அழுத்த நோய்: கேள்வி பதில்

கேள்வி (தூத்துக்குடி): கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிச் சங்கு குளிக்கிறேன், ஐயா. கரையேறிய பின் தோளும் முழங்கையும் குடைகின்றன. மறுபடி இறங்கினால் வலி தணிகிறது. வேலைக் களைப்புதானே?

பதில்: களைப்பு என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். இது மூழ்காளரின் அழுத்த நோயாக இருக்கலாம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 20 மீட்டரில் நீங்கள் மூன்று மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறீர்கள். அதிலுள்ள நைட்ரஜன், ஆழத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், மூடி திறந்த சோடாவில் நுரைப்பதுபோல் உடலுக்குள்ளேயே குமிழியாகும். குமிழிகள் முதுகுத்தண்டைப் பாதித்தால் கால் மரத்துப்போகும், சிறுநீரும் பிரியாது. மறுபடி இறங்கும்போது குமிழிகள் சுருங்குவதால்தான் வலி தணிகிறது. ஆனால் கூடுதல் நைட்ரஜனைச் சுமந்துகொண்டு மேலே வருகிறீர்கள்.

கேள்வி: அந்நாளில் முத்துக் குளித்தவர்களுக்கு இது வரவில்லையா?

பதில்: மூச்சடக்கி ஒருமுறை இறங்குபவரின் உடலில் சேரும் நைட்ரஜன் மிகக் குறைவு. எனினும், இடைவெளியின்றிப் பலமுறை ஆழத்துக்கு இறங்கினால் வரக்கூடும். பசிபிக்கின் துவாமோத்து தீவுகளில் முத்துக் குளித்தவர்களிடம் இதைக் கண்டிருக்கிறார்கள்.

கேள்வி (மன்னார்): கடலட்டைக்குச் சிலிண்டருடன் இறங்கிய என் தம்பிக்குக் கால்கள் மரத்துவிட்டன. அழுத்த அறையில் என்ன செய்வார்கள்?

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடு செய்யுங்கள், தாமதம் ஆக ஆக, நரம்பு மீள்வது கடினமாகும். பல இடங்களில் பின்பற்றப்படும் அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் சிகிச்சை அட்டவணைப்படி, மூடிய அறைக்குள் அவரை வைத்து, அதன் காற்றழுத்தத்தை 18 மீட்டர் ஆழத்துக்கு இணையாக, அதாவது 2.8 வளிமண்டலத்துக்கு உயர்த்தி, முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுப்பார்கள். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் சாதாரணக் காற்று. பின்னர் 9 மீட்டர் அளவுக்கு இறக்கி நீண்ட நேரம் தொடர்வார்கள். நீட்டிப்பு இல்லாவிட்டாலே மொத்தம் 4 மணி 45 நிமிடம் ஆகும். அழுத்தம் குமிழியைச் சுருக்குகிறது. தூய ஆக்சிஜனில் நைட்ரஜன் இல்லாததால் உடலிலுள்ளது விரைந்து வெளியேறுகிறது. இரத்த ஓட்டம் தடைபட்ட திசுவுக்கும் ஆக்சிஜன் எட்டுகிறது. ஒரே அமர்வில் குணமாகாவிட்டால் மீண்டும் செய்வார்கள், மனம் தளர வேண்டாம்.

கேள்வி: அறை இருக்கும் ஊர் வெகுதூரம். அதுவரை?

பதில்: மல்லாந்து படுக்கவைத்து, முகத்தில் இறுகப் பொருந்தும் முகமூடியால் தூய ஆக்சிஜனை இடைவிடாமல் கொடுங்கள். வலி குறைந்துவிட்டது என்று பயணத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து குமிழிகள் பெருக்கும் என்பதால், உயரமான மலைப்பாதையைத் தவிர்த்துச் செல்லுங்கள். படகிலேயே ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டும் என்று படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளிடம் நீங்கள் வற்புறுத்திக் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: ஸ்கூபா முடித்த அன்றே விமானம் ஏறலாமா?

பதில்: கூடாது. ஒரே ஒரு சாதாரண முழுக்கு என்றால் 12 மணி நேரமாவது, பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமாவது கழியட்டும்.