ஆண்டுக்கொருமுறை வரும் கடும் பியர்களை ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: குளிர்காலத்தில் மட்டும் வெளிவரும் கடுமையான கிராஃப்ட் பியர் நான்கு வகை வாங்கி, நண்பர்களோடு ஒரே மாலையில் சுவைத்திருக்கிறீர்கள். முதலாவது பிடித்தது. மற்ற மூன்றும் "ஒரே இனிப்பு, ஒரே தொண்டை எரிச்சல்" என்று எழுதியிருக்கிறீர்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்து, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரண லாகருக்கு, அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவைத்த வழக்கமான பியருக்கு, அது சரி. 9, 10 சதவீதம் ஆல்கஹால் உள்ள பியருக்கு அது ஒத்துவராது.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு டாப்பல்பாக், ஒரு பார்லிவைன், ஒரு பெல்ஜிய கிறிஸ்துமஸ் ஏல் என்று மூன்று கடும் பியர் வகைகளை ஒப்பிட்டோம். ஏல் என்பது லாகரைவிட வெதுவெதுப்பில் நொதிப்பது. ஆளுக்கொரு நோட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பார்லிவைனுக்கு நான் போட்டது மூன்று. பக்கத்தில் "கசப்பு, ஸ்பிரிட் நெடி, வேறு ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். கோப்பையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பேச்சு வேறெங்கோ போய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்து நண்பர் ஒருவர் தன்னுடையது என்று நினைத்து அந்தக் கோப்பையை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "இது எதுப்பா? இதை நாம குடிக்கவே இல்லையே" என்றார். வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் விரலில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த வாசனை. அதற்கு அடியில் சர்க்கரையைப் பொன்னிறம் தாண்டிக் காய்ச்சினால் வரும் மணம். கசப்பு போகவில்லை, ஆனால் நாக்கின் பின்பக்கமாக ஒதுங்கி நின்றது. அதே பாட்டில், அதே கோப்பை. அன்றிலிருந்து எந்தக் கடும் பியருக்கும் முதல் மடக்கை வைத்து மதிப்பெண் போடுவதில்லை. கடைசி மடக்குகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

அங்கே நடந்தது வேறொன்றுமில்லை, பியரின் குளிர் இறங்கியது. ஃப்ரிட்ஜில் பாட்டில் 4 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். அந்தக் குளிரில் வாசனை திரவத்தை விட்டு மேலே எழும்பாது. இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும். கசப்பும் வாயுவின் குத்தலும் மட்டும் முன்னால் வந்து நிற்கும். மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டும் பேச வேண்டிய பியரில் அவை இரண்டின் வாயையும் குளிரால் கட்டிவிட்டுக் குடித்தால், மிஞ்சுவது எரிச்சல்தான். இந்த வகைகளுக்கு 10 முதல் 13 டிகிரி வரை நல்ல இடம். திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே பாட்டிலை வெளியே எடுத்து வையுங்கள். அறை வெக்கையாக இருந்தால் கால் மணி நேரம் போதும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். கோப்பையை உள்ளங்கையில் ஏந்தினால் குளிர்ச்சி உறைக்காமல் இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. 20 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் நெடி எல்லாவற்றையும் மூடிவிடும், வாயுவும் போய், பியர் பாகு மாதிரி கனக்க ஆரம்பிக்கும்.

கோப்பையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். வயிறு அகன்று வாய் குறுகியதாக இருந்தால் போதும், சாதாரண ஒயின் கிளாஸ் தாராளம். எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அளவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். 10 சதவீத பியர் 330 மி.லி. பாட்டிலில் 33 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பியர் இரண்டு பாட்டில் குடித்ததற்கு அது சமம். நான்கு பேர் சேர்ந்து நான்கு வகை சுவைக்கிறீர்கள் என்றால், வகைக்கு ஒரு பாட்டிலை நான்காகப் பிரித்து ஆளுக்கு 80 மி.லி. ஊற்றினாலே ஏறக்குறைய சாதாரண பியர் இரண்டு பாட்டில் உள்ளே போய்விடும். அதற்கு மேல் மூக்கும் நாக்கும் மழுங்கும். நீங்கள் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை. சுவைத்த பிறகு யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, எதை எதோடு ஒப்பிடுவது. நீங்கள் வாங்கிய நான்கும் நான்கு வேறு குடும்பங்களாக இருந்திருந்தால், அவற்றை ஒரே தராசில் நிறுத்தியதே சிக்கல். டாப்பல்பாக் என்பது மியூனிக் நகரத்துப் பாலானர் துறவிகள் காய்ச்சிய கனமான பியரிலிருந்து வந்த மரபு. நோன்புக் காலத்தில் வயிற்றுக்கு அதுவே ஆகாரம் என்று சொல்வார்கள். சால்வாட்டோர் என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது, 7.9 சதவீதம். அந்தப் பெயரைப் பின்பற்றித்தான் ஆப்டிமாட்டோர், செலிப்ராட்டோர் என்று மற்ற டாப்பல்பாக்குகளும் ஒரே ஈற்றோடு பெயர் வைத்துக்கொண்டன. லாகர் ஈஸ்ட்டில், குளிரில், மெதுவாக நொதிப்பது என்பதால் ஈஸ்ட் தரும் பழவாசனை இதில் இருக்காது. ரொட்டியின் மேல்தோல், வறுத்த தானியம், இதைத்தான் தேட வேண்டும். ஒரு பெல்ஜிய கிறிஸ்துமஸ் ஏலில், உதாரணமாக செயின்ட் பெர்னார்டஸின் 10 சதவீத ஏலில், ஈஸ்ட்தான் கதாநாயகன். உலர்திராட்சை, மிளகு, கிராம்பு போன்ற மணங்களைத் தருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க பார்லிவைனில், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ முன்னால் நிற்கும். பெயரில் வைன் இருந்தாலும் அது பியர்தான், ஒயினை நெருங்கும் ஆல்கஹாலால் வந்த பெயர். போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட் என்ற கருநிறக் கடும் பியரில், சிகாகோவின் கூஸ் ஐலண்ட் வெளியிடும் போர்பன் கவுண்டி மாதிரி, வனிலா மணம் பெரும்பாலும் மரத்திலிருந்து வருவது. இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. ஒவ்வொன்றும் தான் செய்ய நினைத்ததைச் செய்திருக்கிறதா என்று மட்டும் கேட்கலாம்.

அதனால் நான் எப்போதும் ஜோடியாகத்தான் வைப்பேன். இரண்டே இரண்டு கோப்பை, மாறி மாறி. நான் சுவைத்ததிலேயே அதிகம் கற்றுக்கொடுத்த ஜோடி, பவேரியாவின் ஷ்னைடர் காய்ச்சும் அவென்டினஸும் அதே பியரின் ஐஸ்பாக்கும். அவென்டினஸ் கோதுமை டாப்பல்பாக், 8.2 சதவீதம்; மற்ற டாப்பல்பாக்குகள் போலன்றி இது ஏல் ஈஸ்ட்டில் நொதிப்பது, அதனால் பழவாசனை உண்டு. அதை உறையவைத்தால் முதலில் தண்ணீர்தான் பனிக்கட்டியாகும். அந்தப் பனியை நீக்கிவிட்டால் மிச்சம் நிற்பது 12 சதவீத ஐஸ்பாக். ஆக, இரண்டுக்கும் தாய் ஒன்று. அடர்த்தி மட்டும் ஏறினால் சுவைக்கு என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எந்த ஜோடியும் காட்டாது. முதல் கோப்பையில் வாழைப்பழமும் கிராம்பும் தனித்தனியாக நிற்கும், நுரை துள்ளும். இரண்டாவதில் அந்த வாழைப்பழம் கனிந்து, உலர்ந்த பழமாகி, கிராம்போடு கலந்து ஒரே கனமான மணமாகிவிடும். ஒன்றை முகர்ந்துவிட்டு மற்றதை முகரும்போது தெரிகிற அந்த இடைவெளிதான் ஒப்பீடு. தனியாகக் குடித்தால் ஐஸ்பாக்கை "இனிப்பு, கடுமை" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன்.

வருடங்களை வைத்தும் ஜோடி சேர்க்கலாம். அமெரிக்காவின் சியரா நெவாடா நிறுவனத்தின் பிக்ஃபுட் பார்லிவைன் 1983லிருந்து வருகிறது, 9.6 சதவீதம், எந்த வருடத்துப் பாட்டில் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். புதியதில் ஹாப்ஸின் பிசின் மணமும் கசப்பும் முகத்தில் அறையும். மூன்று வருடம் இருட்டில் நிற்க வைத்ததில் அவை தணிந்து, பாகும் பேரீச்சம்பழமும் மேலே வந்திருக்கும். எதை வைத்திருக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது முக்கியம். அதே நிறுவனத்தின் செலிப்ரேஷன் 6.8 சதவீதம், அந்தப் பருவத்து ஹாப்ஸின் மணத்துக்காகவே காய்ச்சுவது. அதைப் பாதுகாத்து வைப்பது பூவை வாடவிட்டு முகர்வது மாதிரி. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம் 1975லிருந்து 2022 வரை வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஏலில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் செய்முறையும் லேபிளில் உள்ள மரமும் வருடாவருடம் மாறின. இரண்டு வருடத்துப் பாட்டில்களை வைத்தால், வித்தியாசம் வயதால் வந்ததா செய்முறையால் வந்ததா என்று பிரிக்க முடியாது. நேர்மாறாக, சாமிக்லாஸ் என்ற 14 சதவீத லாகர் வருடத்தில் ஒரே நாள், டிசம்பர் 6 அன்றுதான் காய்ச்சப்படுகிறது. ஏறத்தாழ பத்து மாதம் ஊறிய பிறகே பாட்டிலுக்கு வரும். சூரிச்சில் 1979ல் தொடங்கியதை இப்போது ஆஸ்திரியாவில் ஷ்லோஸ் எக்கன்பர்க் தொடர்கிறது. அதைப் பத்து வருடம் வைத்தாலும் தாங்கும்.

பழைய பாட்டிலில் ஒரு சோதனை உண்டு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்று பட்டு அது கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஷெர்ரி ஒயின் மாதிரி, கொட்டைப்பருப்பு மாதிரி வந்தால், அதுவும் காற்றின் வேலைதான், ஆனால் நல்ல பக்கம்.

இப்போது உங்கள் "தொண்டை எரிச்சல்". இதில் இரண்டு வகை இருக்கிறது, பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் மெல்லப் பரவும் சூடு ஒன்று. நல்ல கடும் பியரில் அது இருக்கத்தான் வேண்டும். மற்றது நாக்கிலும் மூக்கின் உள்ளும் சுரீர் என்று குத்தும், பெயின்ட் கரைக்கும் தின்னரை நினைவூட்டும். நொதித்தபோது வெப்பம் எகிறியதாலோ ஈஸ்ட் சிரமப்பட்டதாலோ உண்டான கன ஆல்கஹால்களும் எஸ்டர்கள் என்ற மணச் சேர்மங்களும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். முதல் வகை இருந்தால் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. இரண்டாவது வகை இருந்தால், லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் குறைப்பேன். 12 சதவீதத்தை 7 மாதிரி குடிக்க வைக்கும் பியர்தான் காய்ச்சுபவரின் கைத்திறன் என்பது என் கருத்து.

வரிசையில் ஆல்கஹால் குறைந்தது முதலில், வறுத்த மால்ட் ஸ்டவுட் கடைசியில். கசப்பு ஒவ்வொரு மடக்குக்கும் நாக்கில் சேர்ந்துகொண்டே போகும், அதனால் ஹாப்ஸ் அதிகமுள்ளதை முதலில் வைத்தால் அடுத்து வருவது வெறும் இனிப்பாகத்தான் தெரியும். உங்களுடைய முதல் பாட்டில் பிடித்து மற்றவை மங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நடுவில் சாதாரணத் தண்ணீர் குடியுங்கள், குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். மூக்கு சோர்ந்துவிட்டால் உங்கள் புறங்கையை முகருங்கள். தினமும் கூடவே இருக்கிற வாசனை அது, மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

நண்பர்களோடு சுவைத்தால் இதையும் செய்து பாருங்கள்: ஒருவர் கண்ணில் படாமல் மூன்று கோப்பை ஊற்றட்டும். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. தனித்து நிற்பது எது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். லேபிளும் சதவீதமும் தெரியாதபோது நாக்கு எவ்வளவு கூர்மையாகிறது என்று பார்ப்பீர்கள். "நன்றாக இருக்கிறது" என்று எழுதாமல், ஒரு பொருளின் பெயரை எழுதுங்கள்: ஈரமண், தேன், தோல் செருப்பு, எதுவானாலும் சரி.

அப்புறம், காலிக் கோப்பைகளை உடனே கழுவ எடுத்துப்போகாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் நாலு சொட்டு காய்வதற்குள் பத்து நிமிடம் விட்டு முகர்ந்து பாருங்கள். வாயுவும் ஆல்கஹாலும் போய், பியர் எதனால் ஆனதோ அது மட்டும் அங்கே இருக்கும். அவென்டினஸ் கோப்பையில் எனக்குக் கிடைத்தது வெறும் ரொட்டி மணம். ஐஸ்பாக் கோப்பையில் மறுநாள் காலையிலும் உலர்திராட்சை இருந்தது.