பாலையூற்று வீட்டை ஈடு வைச்சு உப்புவெளியில ரூம் கட்டலாமா?

கேள்வி: எங்கட சீதன வீடு பாலையூற்றில இருக்கு. 4 வருஷமா ஒரே குடும்பம், ஒரே வாடகை, 25,000. கையில 9 லட்சம் சேர்ந்திருக்கு. வீடு சும்மா கிடக்கு, பாங்கில ஈடு வைச்சு 50 லட்சம் எடுத்து உப்புவெளியில ஒரு காணி வாங்கி ரூம் கட்டி வெள்ளைக்காரருக்கு விடுவம் எண்டு அண்ணா சொல்றார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, அண்ணா நல்லது நினைச்சுத்தான் சொல்லியிருப்பார், ஆனா ஈடு வைக்காதீங்க. 12 வீத வட்டியெண்டு வைச்சாலே 50 லட்சத்துக்கு வட்டி மட்டும் மாசம் 50,000, முதல் வேற கட்டவேணும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் சித்திரையில தொடங்கி புரட்டாதியோட அடங்கிரும், பிறகு வாடைக்காத்தும் மழையும், கடல் கொந்தளிப்பில புறாத்தீவுக்கு போட் ஓடாது, ரூமெல்லாம் பூட்டிக்கிடக்கும், ஆனா பாங்க் கார்த்திகை மார்கழி எண்டு பார்க்குமா? 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, அடுத்தது கொரோனா, பிறகு 2022 பெற்றோல் கியூ எண்டு ஒண்டுக்கு மேல ஒண்டா விழுந்ததை நீங்களும் பார்த்தீங்கதானே, அந்த 2022லதான் லோன் வட்டி 25 வீதத்தையும் தாண்டிப் போனது.

அந்தக் காணி உறுதிக் காணியா பெர்மிட் காணியா எண்டும் நீங்க எழுதேல்ல. பெர்மிட் எண்டா அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி, அதைப் பிரதேச செயலாளரிட அனுமதி இல்லாம கைமாத்தேலாது. கடலில இருந்து 300 மீற்றருக்குள்ள எண்டா கரையோரம் பேணல் திணைக்களத்திட்டயும் போகவேணும்.

வீடு சும்மா கிடக்கு எண்டதையும் நான் ஏற்கமாட்டன். கடன் இல்லாத வீட்டிட பெறுமதி முழுக்க உங்களுது, காணி விலை ஏற ஏற அதுவும் உங்களுக்குத்தான். அந்த 9 லட்சத்தை அங்கயே போடுங்க.

முதல்ல வீட்டுக்கூரை கொங்கிறீட் பிளேட் எண்டா அதுக்குக் கீழ நிண்டு அண்ணாந்து பாருங்க. எங்கட ஊர் உப்புக்காத்துக்கு உள்ள இருக்கிற கம்பி கறள் பிடிச்சு ஊதும், ஊதினா கொங்கிறீட் பொருக்குப் பொருக்கா வெடிச்சு விழும், பழுப்பு நிறத்தில ஒரு கோடு மாதிரித் தெரியும். அதுக்கு மேல பெயின்ட் அடிச்சு மறைச்சா அடுத்த மாரிக்குத் திரும்ப வரும். நல்ல மேசனைக் கூப்பிட்டு வெடிச்ச இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டி, கறள் தடுக்கிற பெயின்ட் பூசி, பிறகு சீமெந்து பூசச் சொல்லுங்க. வீட்டிட விலையைக் காப்பாத்துற வேலை இதுதான், டைல்ஸும் புதுக் கேட்டும் பிறகு பார்க்கலாம்.

மிச்சக் காசில பின்பக்கத்தில ரெண்டு அறை இருந்தா அதைத் தனி வாசல், தனி பாத்ரூம், தனி கரண்ட் மீட்டரோட அனெக்ஸ் ஆக்கேலுமா பாருங்க, இதைப்பற்றி இப்ப இருக்கிற குடும்பத்தோட முதலே கதைக்கவேணும். பிளான் பாஸ் பண்ணித்தான் கட்டுங்க, இல்லாட்டி நாளைக்கு விக்கிற நேரம் வாங்கிறவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். மாகாண சபைக் கந்தோர்கள், பெரியாஸ்பத்திரி, கோணேசபுரி கம்பஸ் எண்டு வெளியூர் ஆக்கள் வருஷம் முழுக்க வாறாங்க, அவங்களுக்குச் சீசன் இல்ல.

வாடகைக்கு எழுத்து இல்லாததுதான் எனக்குப் பெரிய கவலை. வாய்ப்பேச்சில விட்டிருக்கிறீங்க போல. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டா நொத்தாரிஸ் முன்னால ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் சட்டத்தில நிக்கும். அப்பிடி எழுதி வைச்சா, காலம் முடிஞ்சும் எழும்பாதவரை எழுப்புறதுக்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தில மாவட்ட நீதிமன்றத்துக்குப் போற சுருக்கமான வழி இருக்கு. வருஷா வருஷம் வாடகை எவ்வளவு கூடும், யார் என்ன திருத்தவேணும், எல்லாம் அதிலயே எழுதுங்க.

இப்ப இருக்கிறவங்க 4 வருஷமா ஒழுங்கா வாடகை தந்தவங்க எண்டா கலைச்சுப்போடாதீங்க, அக்கம்பக்கத்து வாடகையை விசாரிச்சு ரெண்டு தடவையா கூட்டுங்க. அனெக்ஸ் வேலையை மழைக்கு முதல், புரட்டாதிக்குள்ள முடிச்சிருங்க, ஜனவரி இடமாற்றத்துக்கு வாறவங்க கார்த்திகையிலயே வீடு தேடத் தொடங்கிருவாங்க.