அந்தச் சதுக்கம் யாருடையது?

கேள்வி: லண்டனில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கிரானரி சதுக்கம் என்ற இடத்துக்கு அழைத்துப் போனாள். தரையிலிருந்து தண்ணீர் பீறிட, பிள்ளைகள் நனைந்து ஆடுகிறார்கள். டிக்கெட்டும் இல்லை, கேட்டும் இல்லை. எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் பஞ்சாலை நிலங்களையும் இப்படி மாற்ற முடியாதா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: முடியும் அம்மா. ஆனால் அங்கே பார்த்ததில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் நான் யூஸ்டன் பக்கம் குடியிருந்தேன். டிரம்மண்ட் தெருவில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்து வீடு திரும்புவோம். கிங்ஸ் கிராஸின் பின்பக்கம் மட்டும் இருட்டிய பிறகு போக மாட்டோம். போதை வியாபாரமும் பாலியல் தொழிலும் நடக்கும் இடம் என்று பெயர். அதற்கு முன்னால் அது சரக்கு இறங்கும் இடம். லிங்கன்ஷயர் கோதுமை ரயிலில் வந்து, 1852-ல் கட்டிய தானியக் கிடங்கில் இறங்கும். இன்று பிள்ளைகள் நனைகிற இடத்தில்தான் ரீஜெண்ட்ஸ் கால்வாயிலிருந்து படகுகள் வந்து நிற்கும் துறை இருந்தது.

அந்தச் சரக்கு நிலம் மொத்தம் 67 ஏக்கர். அதைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் ஒரே திட்டமாக எடுத்தார்கள், அதுதான் முதல் நல்ல காரியம். 2006-ல் அந்தப் பகுதியின் கேம்டன் நகராட்சி அதை மாற்றிக் கட்ட அனுமதி கொடுத்தது. 2007-ல் பக்கத்து செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு பாரிஸ் ரயில் வந்தது. 2011-ல் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி அந்தப் பழைய கிடங்குக்கே குடிவந்தது. மறுவருடம் சதுக்கம் திறந்தார்கள். நிலக்கரிக் கொட்டகைகள் கடைவீதியானதோ 2018-ல்தான். கடையை முதலில் கட்டாமல் மாணவர்களை முதலில் கொண்டுவந்தார்களே, அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. சாயங்காலம் ஆள் நடமாட்டம் இருந்தால் பயம் தானாகப் போய்விடும்.

இப்போது மறுபக்கம். அந்தச் சதுக்கமும் தெருக்களும் நகராட்சியுடையவை அல்ல, தனியார் சொத்து. காவலுக்கு நிற்பவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான். நடந்து போகிறவர்களின் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களை அங்கே 2016 முதல் 2018 வரை பயன்படுத்தியது 2019-ல்தான் வெளியே தெரிந்தது. பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகு, இனி அப்படிச் செய்யும் திட்டம் இல்லை என்றார்கள். கேட் இல்லாததால் மட்டும் ஒரு இடம் ஊருக்குச் சொந்தமாகிவிடாது. இன்றைக்கு உள்ளே விடுகிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு லண்டனைவிட மும்பைதான் நெருக்கம். அங்கே பஞ்சாலை நிலத்தை மாற்றிக் கட்டினால் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, இன்னொரு பங்கு எளிய மக்களின் வீடுகளுக்கு என்று 1991-ல் விதி வந்தது. 2001-ல் அதைத் திருத்தினார்கள்: கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்று. ஆலை என்றாலே நிலம் முழுக்கக் கட்டடம்தானே! ஊருக்கு வரவேண்டிய பங்கு சுருங்கிப்போனது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஆலைகள் நிறைந்திருந்த லோயர் பரேலில் இன்று மாலும் கண்ணாடிக் கோபுரமும் நிற்கின்றன. நூல் நூற்றவர்களின் பிள்ளைகள் அங்கே வாடகைக்குக்கூட இருக்க முடிவதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால் உங்கள் ஊரில் அப்படி ஒரு திட்டம் வந்தால் நீரூற்றைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். தெருவும் பூங்காவும் மாநகராட்சி பெயரில் பதிவாகுமா, வீடுகளில் எத்தனை பங்கு ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, பங்கைக் கணக்கிடுவது மொத்த நிலத்துக்கா காலி நிலத்துக்கா – இந்த மூன்றையும் அனுமதி கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பழைய புகைபோக்கியை இடிக்காமல் விடவும் சொல்லுங்கள்.