அடுக்கு பீன் டிப்: தக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

டல்லாஸுக்கு வந்து இரண்டு மாதமான தக்கலைத் தம்பி கேட்கிறார்: ஆபீஸ் பாட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) ஏழு அடுக்கு டிப் (சிப்ஸால் அள்ளிச் சாப்பிடும் கலவை) கொண்டுவருகிறேன் என்று சொல்லியாச்சு, இருபது பேர், சைவக்காரர்களும் உண்டு. எப்படிச் செய்ய? ஊரிலிருந்து வந்த ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸைத் தொட்டுக்க வைக்கலாமா?

தம்பி, இந்த டிப் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். ஒவ்வொரு அடுக்கிலும் ஈரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் செய்தால் போதும்.

9க்கு 13 இஞ்ச் கண்ணாடி டிரே எடுங்க. அடுக்கு வெளியே தெரியணும், அதனால் அலுமினிய டிரே வேண்டாம். பல பதார்த்தங்களில் ஒன்றாக வைக்கும்போது இருபது பேருக்கு இது தாராளம்.

அடியில் ரீஃப்ரைட் பீன்ஸ், அதாவது வேகவைத்து மசித்து வதக்கிய பயறு, 16 அவுன்ஸ் டின் இரண்டு. வாங்கும்போது டின்னைத் திருப்பிப் பாருங்க. லார்டு என்று இருந்தால் அது பன்றிக்கொழுப்பு. வெஜிடேரியன் என்று போட்டதைத்தான் எடுக்கணும். காய்ந்த பின்டோ பீன்ஸ் ஒன்றரைக் கப்பை ராத்திரி ஊறப்போட்டு, குக்கரில் குழைய வேகவைத்து, பூண்டும் எண்ணெயும் சேர்த்து மசித்து வதக்கினாலும் சரி. பயறு வேகவைத்துப் பழகிய நமக்கு அது பெரிய வேலை இல்லை.

டின்னைக் கவிழ்த்தால் பயறு உருளையாக அப்படியே விழும். அதே கெட்டியில் பரப்பினால் சிப்ஸ் அதில் மாட்டி ஒடிந்துவிடும். இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரும் அரை டீஸ்பூன் சீரகப்பொடியும் விட்டுச் சிறுதீயில் கிண்டுங்க. வடை மாவுக்கும் இட்லி மாவுக்கும் நடுவிலான பதம் வேணும். ஒரு சிப்ஸை விட்டு எடுத்துப் பாருங்க, ஒடியாமல் அள்ளிக்கொண்டு வரணும். பிறகு நன்றாக ஆறவிடுங்க. சூட்டோடு மேலடுக்கைப் போட்டால் சவர் கிரீம் (புளிக்கவைத்த கெட்டிக் கிரீம்) இளகி ஓடிவிடும்.

அடுத்தது அவகாடோ, நம்மூர் பட்டர் ஃப்ரூட். காம்புப் பக்கம் பெருவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்குவதாக நாலு பழம், ஒரு எலுமிச்சையின் சாறு, முக்கால் டீஸ்பூன் உப்பு, எல்லாம் சேர்த்து மசித்துப் பரப்புங்க. காற்றுப் பட்டால் கறுக்கும் என்பதால்தான் இதற்கு மேல் சவர் கிரீம் வருகிறது. 16 அவுன்ஸ் கிரீமை டிரேயின் ஓரம்வரை இழுத்து, பச்சை எங்கும் தெரியாமல் மூடுங்க. பரப்பும் முன் கிரீமில் கலக்க, டாக்கோ மசாலா (மெக்சிகன் பாணி மசாலாப்பொடி) பாக்கெட்டில் பாதி போதும். சீஸ், ஆலிவ், சிப்ஸ் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது, முழுப் பாக்கெட் போட்டால் கரித்துவிடும்.

அதன்மேல் துருவிய சீஸ் இரண்டு கப். தக்காளிக்கு முன்னே சீஸ் போடுவதே நல்லது, கசியும் நீர் உடனே கிரீமுக்கு இறங்காது. ரோமா தக்காளி நாலின் விதைச் சதையை வழித்தெடுத்துப் பொடியாக நறுக்கி, துளி உப்புப் போட்டு 15 நிமிடம் வடிகட்டியில் வையுங்க. அடியில் சேரும் நீரைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். ஈரம் ஒற்றிய கறுப்பு ஆலிவ் ஒரு சின்ன டின், வெங்காயத்தாள் நாலு. ஏழு அடுக்கும் ஆச்சு.

சீஸ்வரை முந்தின ராத்திரியே முடித்து, மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மற்ற மூன்றும் கிளம்பும் முன்தான். காந்தாரி மிளகாய் கைவசம் இருந்தாலும் உள்ளே சேர்க்க வேண்டாம், நறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்க.

சிப்ஸில் கிண்ணம்போலக் குழிந்த மக்காச்சோளச் சிப்ஸ் பெரிய பாக்கெட் இரண்டு வாங்குங்க. மெல்லிய முக்கோணச் சிப்ஸ் பயறுவரை போகாது. நமத்திருந்தால் 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் ஐந்து நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். ஏத்தங்காய் சிப்ஸ் தட்டை, அள்ளாது. தேங்காய் எண்ணெய் வாசமும் டாக்கோ மசாலாவும் சேரவும் சேராது. அதைத் தனியாகக் கொண்டுபோங்க, கட்டாயம் கொண்டுபோங்க, முதலில் தீர்வது அதுவாகக்கூட இருக்கும்.

மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீங்க. வெளியில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிய வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் பாலும் சீஸும் உண்டு, இறைச்சிக்கொழுப்பு இல்லை என்று எழுதி வையுங்க. ஒரு அகலக் கரண்டியும் போட்டு, முதல் வெட்டை நீங்களே அடிவரை எடுத்துக் காட்டுங்க. இல்லாவிட்டால் மேலடுக்கை மட்டும் வழித்துப்போவார்கள், பயறு அப்படியே கிடக்கும்.