படகு வரைய ஆசைப்படும் மகளுக்குக் கப்பல் படிப்பு எதற்கு?

மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். சிறு படகுகளை வடிவமைக்கக் கற்க வேண்டும் என்கிறாள். உறவினர்கள் கணினிப் பொறியியல் என்கிறார்கள். பெரியப்பா மட்டும் இறங்கிவந்து, "படகுதானே ஆசை? கப்பல் பொறியியலில் சேர்த்துவிடுங்கள்" என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆறுதலை அதோடு நிறுத்திக்கொள்கிறேன். கணினிப் படிப்பின் பெருமையைச் சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள், நான் வேண்டாம். எனக்குப் பயமெல்லாம் பெரியப்பாவின் யோசனைமீதுதான், ஏனென்றால் அது கனிவாகத் தெரிகிறது. கப்பல் பொறியியல் நல்ல படிப்பு. ஆனால் அதன் பாடங்கள் பெரும்பாலும் எஃகுக் கப்பல்களையும் பெரிய இயந்திரங்களையும் சுற்றியவை. மூன்று மீட்டர் பிளைவுட் படகு அங்கே அபூர்வமாகத்தான் எட்டிப்பார்க்கும். முதலில் பல ஆண்டுக் கட்டணம், பிறகு ஆர்வம் நிலைக்கிறதா என்ற சோதனை என்பது தலைகீழ் வேலை.

செலவு குறைந்த ஏதேனும் ஒரு பட்டப்படிப்பில் அவள் சேரட்டும். கூடவே ஒரு படகை அளந்து, வரைந்து, கணக்கிட்டு, கட்டிப் பார்க்கட்டும். இந்த வழியை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பழைய துடுப்புப் படகு ஒன்று போதும். நீர்மட்ட நீளத்தைப் பத்துச் சம பாகமாகப் பிரித்தால் பதினொரு குறுக்குவெட்டுகள். அவற்றைப் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைய வேண்டும். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என மூன்று தோற்றங்களிலும் ஒரு புள்ளியின் அளவுகள் ஒத்துப்போக வேண்டும். முதலில் ஒத்துப்போகாது. வளையும் மரச்சட்டத்தை வைத்து, கோட்டில் மேடுபள்ளம் மறையும்வரை அழித்து அழித்து வரைவதுதான் பயிற்சி. பிறகு ஒவ்வொரு வெட்டிலும் நீருக்குள் இருக்கும் பரப்பை எடுத்து, சிம்சன் விதிப்படி (வளைந்த வடிவத்தின் கனஅளவைக் கணக்கிடும் முறை) 1, 4, 2, 4 எனத் தொடங்கி 2, 4, 1 என முடியும் எண்களால் பெருக்கிக் கூட்டி, இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்கினால் கனஅளவு வந்துவிடும். கடல்நீர் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோ. படகும் ஆட்களும் 205 கிலோ என்றால் 0.2 கனமீட்டர் நீரை விலக்கியாக வேண்டும். அந்தக் கனஅளவு கிடைக்காவிட்டால், வரைந்த நீர்மட்டத்தைத் தாண்டிப் படகு அமிழும்.

அடுத்து அகலம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அகலத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், சாய்வை எதிர்க்க வடிவம் தரும் பலம் சுமார் 33 சதவீதம் கூடும், ஏனெனில் அது அகலத்தின் மும்மடிப்படி வளர்கிறது. துடுப்புப் போடுபவரின் தோள் அதற்கு விலை கொடுக்கும். பொருளும் நிபந்தனை போடும்: 1947-இல் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் பாய்ப்படகின் நீளம் 2.36 மீட்டர். எட்டடிப் பிளைவுட் பலகை 2.44 மீட்டர். மிச்சத்தை நீங்களே கணக்குப் போடலாம்.

அட்டை மாதிரி செய்த பிறகு பிளைவுட்டை வெட்டி, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்சிப் பசையும் கண்ணாடியிழை நாடாவும் இட்டு ஒரு படகு கட்டலாம். விடுமுறையில் படகுப் பட்டறையில் உதவியாளாகவும் நிற்கட்டும். தூரிகை நுழையாத மூலையை வரைந்தவர் யார் என்று அங்கே உரக்கக் கேட்பார்கள். தொலைநிலைக் கல்வி அதற்குப் பிறகு வரட்டும். அமெரிக்காவில் இத்துறைக்கென்றே வெஸ்ட்லான் நிறுவனம் 1930-இல் தொடங்கப்பட்டது, ஆகவே இது புதுமோகம் அல்ல.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் படகு மிதக்கும்வரை கடன் வாங்காதீர்கள். விலையுயர்ந்த மென்பொருளும் வேண்டாம். கையால் வரைந்து பழகிய பிறகு ஃப்ரீஷிப், டெல்ஃப்ட்ஷிப் போன்றவற்றின் இலவசப் பதிப்புகளே போதும். பயணிகள் படகு, அரசுப் பணி என்று போனால் இத்துறைப் பட்டம் கேட்கலாம். அந்தத் திசையை அவளே தேர்ந்தெடுத்தால், அப்போது கப்பல் பொறியியலுக்குக் கட்டணம் கட்டுங்கள்.

வடிவமைப்பை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் குறைவு. கட்டுமானம், பழுதுபார்ப்பு, பழைய படகுகளைச் சோதித்து மதிப்பிடுவது என்று சேர்த்துத்தான் பலருக்கும் வருமானம். இதை மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகும் அவள் அளவுநாடாவோடு புறப்பட்டால் தடுக்காதீர்கள்.